யுத்த மணி: பழைய கடிகாரத்தைக் கம்ப்யூட்டர் படிக்கும் விதம்

2024 ஆனி மாதத்தில் புளியரையிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு நாள் பார்க்க என் தாய்மாமாவிடம் வந்தார். மாமா செங்கோட்டையில் ஜாதகம் கணிப்பவர். முப்பது வருஷம் கையால் கணித்துவிட்டு, இப்போது கம்ப்யூட்டரில் போட்டு அச்சடித்துத் தருகிறார்.

வந்தவர் கையில் இரண்டு தாள்கள். ஒன்று பழைய ஜாதக நோட்டு: சுபானு வருஷம், கொல்லம் ஆண்டு 1119, ஐப்பசி மாதம், உதயாதி நாழிகை (சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது) 7½, விருச்சிக லக்னம். மற்றது பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் சீட்டு: 25-10-1943, காலை 10.10. தலைப்பிரசவம் என்பதால் பிள்ளை பிறந்தது தாய்வீட்டில், தென்காசியில். ஜாதகம் எழுதியது அப்பா ஊரான செங்கோட்டையில். அன்றைக்கு இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்தது வெறும் சாலை இல்லை; தென்காசி பிரிட்டிஷ் சீமை, செங்கோட்டை திருவிதாங்கூர்.

மாமா சீட்டில் இருந்த 10.10-ஐத் தட்டினார். லக்னம் தனுசு என்று வந்தது.

"சீட்டுல தப்பா எழுதியிருப்பாங்களோ மாமா?" என்றேன்.

"தப்பெல்லாம் இல்ல மாப்ளே. அது யுத்த மணி. ஒரு மணி நேரத்தைக் கழி."

கழித்தால் 9.10. அக்டோபர் கடைசியில் எங்கள் பக்கம் சூரியன் உதிப்பது சுமார் 6.09-க்கு. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால் 7½ நாழிகை சரியாக 3 மணி நேரம். கூட்டினால் 9.09. நோட்டும் சீட்டும் ஒரு நிமிட வித்தியாசத்தில் ஒத்துப்போயின. மறுபடி தட்டினோம், விருச்சிகம் வந்தது.

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு கதை. ஆனால் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் உறுத்தியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டிருந்தது என்பது என் செல்போனுக்குத் தெரியும், லினக்ஸ் ஓடும் எந்தக் கணினிக்கும் தெரியும். மாமாவின் மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லை. காரணம், அதில் நேர மண்டலம் என்பது '5.30' என்று கையால் நிரப்பும் ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில்தான் கோளாறு. 5.30 என்பது ஒரு எண். லண்டன் கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறோம் என்கிற கணக்கு. நேர மண்டலம் என்பது அந்த எண் இல்லை. ஒரு ஊரின் கடிகாரம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த எண்ணுக்கு மாறியது என்கிற முழு வரலாறு அது. வீட்டு வரி ரசீதில் இன்றைய தொகை மட்டும் இருக்கும். பட்டாவின் பழைய நகல்களைப் புரட்டினால்தான் நிலம் யார் யார் கைமாறி வந்தது என்று தெரியும். மென்பொருளுக்கு வேண்டியது இரண்டாவது வகை.

அந்தப் புரட்டலுக்காக உலகம் முழுக்க ஒரே ஒரு பொதுப் பட்டியல்தான் இருக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கியது அது. பிறகு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் பால் எக்கர்ட் அதைக் கவனித்துக்கொள்கிறார். ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ், ஜாவா, பைத்தான், பெரும்பாலான டேட்டாபேஸ்கள், எல்லாம் இந்த ஒரு பட்டியலைத்தான் படிக்கின்றன. சாதாரண எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். வாசித்தால் பொழுது போவதே தெரியாது, ஏனென்றால் வரிகளுக்கு நடுவே ஆதாரங்களும் சந்தேகங்களும் சண்டைகளும் குறிப்புகளாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தியாவுக்கு அதில் ஒரே ஒரு பெயர்: ஏசியா/கொல்கத்தா. ஏசியா/சென்னை என்று தேடிப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு நாட்டுக்குள் எல்லாக் கடிகாரமும் 1970-க்குப் பிறகு ஒன்றாகவே ஓடியிருந்தால் ஒரு பெயர் போதும், அதற்கு அங்குள்ள பெரிய நகரத்தின் பெயரை வை என்பது பட்டியலின் விதி. நம் நாட்டுக்கு அவர்கள் வைத்தது கல்கத்தாவின் பெயர். ஊர்ப் பெயர் கொல்கத்தா ஆனதும் பட்டியலிலும் மாறியது. பழைய பெயர் செல்லுபடியாகட்டும் என்று ஒரு இணைப்பு வரியும் போட்டார்கள். அதற்குப் பல வருஷம் கழித்தும் குரோம் உலாவியிடம் 'நீ எந்த மண்டலத்தில் இருக்கிறாய்' என்று கேட்டால் ஏசியா/கல்கத்தா என்றே பதில் சொன்னது.

அந்தப் பெயருக்குக் கீழே எட்டு வரி. முதல் வரி கல்கத்தாவின் சூரியன் காட்டும் உள்ளூர் நேரம், 5 மணி 53 நிமிடம் 28 விநாடி. இது 1854 ஜூன் 28 வரை. அடுத்தது 8 விநாடி குறைந்த ஹௌரா நேரம், 1870 வரை. மூன்றாவது வரியில்தான் நம்மூர் வருகிறது: மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி, 1906 ஜனவரி 1 வரை. பிறகு இன்று நாம் பயன்படுத்தும் 5.30. அதற்குப் பிறகு 1941 அக்டோபரில் 6.30, 1942 மே 15-இல் மறுபடி 5.30, 1942 செப்டம்பரில் மறுபடி 6.30, கடைசியாக 1945 அக்டோபர் 15 முதல் 5.30. அந்தக் கடைசி வரிக்கு முடிவுத் தேதி கிடையாது. நாடாளுமன்றம் ஏதாவது சட்டம் போடும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

1943 அக்டோபர் 25 காலை 10.10 என்று கொடுத்தால், மென்பொருள் இந்த எட்டில் அந்தத் தேதி எந்த வரிக்குள் விழுகிறது என்று பார்க்கும். 6.30 என்று கிடைக்கும். 10.10-இலிருந்து அதைக் கழித்து, உலகப் பொதுநேரம் 3.40 என்று குறித்துக்கொள்ளும். அதோடு இன்றைய 5.30-ஐச் சேர்த்தால் 9.10. மாமா மனத்தில் போட்ட கணக்கும் இதேதான். அவர் பட்டியலில் ஒரே ஒரு வரி: யுத்த மணி.

மற்ற நாடுகளுக்கு இது இவ்வளவு எளிதில்லை. அமெரிக்காவில் கோடைப் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஒவ்வொரு வருஷமும் கடிகாரம் முன்னும் பின்னும் போகிறது; பகல்சேமிப்பு நேரம் என்று அதற்குப் பெயர். தேதி தேதியாக எழுதினால் பட்டியல் வீங்கிவிடும் என்பதால் விதிகளாக எழுதுகிறார்கள்: 2007 முதல் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முன்னால், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால். 1987 முதல் 2006 வரை வேறு விதி, ஏப்ரல் முதல் ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். எண்ணெய் நெருக்கடியில் சிக்கிய 1974-இல் ஜனவரி 6-ஆம் தேதியே, கொட்டும் பனியில், முன்னால் தள்ளினார்கள். நியூஜெர்சியில் 1974 ஜனவரிக் கடைசியில் பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் போடுகிறவர் 'குளிர்காலத்தில் ஏது பகல்சேமிப்பு நேரம்' என்று எண்ணினால் லக்னம் போயிற்று.

விதியை எழுதி வைத்தால் போதாது, எந்த வருஷத்துக்கு எந்த விதி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி அதைச் செய்யவில்லை. ஒரு மண்டலத்துக்கு ஒரே ஒரு விதிதான் அதன் பெட்டியில் இருந்தது. 2007-இல் விதி மாறியதும் புது விதியை எல்லாப் பழைய வருஷங்களுக்கும் போட்டுப் பார்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி மேல்: 2015 வரை அதன் தரநிர்ணயமே 'அன்றைக்கு உண்மையில் என்ன விதி இருந்தது என்று ஆராயாதே, இன்றைய விதியைப் பழைய தேதிக்கும் போடு' என்று சொன்னது. சோம்பேறித்தனம் என்று அதைத் திட்ட மாட்டேன். பிரவுசரில் பழைய தேதி என்றால் போன வாரம் என்று நினைத்த காலம் அது. நம்மூர்க்காரர்களுக்கு அதில் மாட்டியது யுத்த மணி. இன்றைய விதியில் இந்தியாவுக்குப் பகல்சேமிப்பே இல்லை. ஆக 1943-இலும் இல்லை.

இனி செங்கோட்டைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கிழக்குத் தீர்க்கரேகை 77¼ பாகையை ஒட்டி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் சூரியன் காட்டும் நேரம் 5 மணி 9 நிமிடம். 1904-இல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தபோது இந்திய ரயில்வே முழுக்க மெட்ராஸ் நேரத்தில் ஓடியது. ஆக ஸ்டேஷன் கடிகாரம் எங்கள் ஊர்ச் சூரியனைவிட 12 நிமிடம் முன்னால். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் வித்தியாசம் இன்னும் கூடுதல். 1906-இல் 82½ பாகையை வைத்து இந்தியப் பொது நேரம் வந்ததும் எங்கள் வித்தியாசம் 21 நிமிடமாகிவிட்டது. அந்தக் கோடு எங்கள் ஊரிலிருந்து வெகு தூரம், ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் கடலில் இறங்குகிறது. இன்றும் செங்கோட்டையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பன்னிரண்டு காட்டுவதில்லை.

மெட்ராஸ் நேரத்திலேயே ஒரு சின்ன வேடிக்கை உண்டு. மெட்ராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் குறித்த தீர்க்கரேகை 80 பாகை 18 கலை 30 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). பெருக்கினால் வருவது 5 மணி 21 நிமிடம் 14 விநாடி. பட்டியலில் இருப்பதோ 10 விநாடி. இந்த 4 விநாடிக்காக யாரும் ரயிலைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு விநாடியையும் விடாமல் எழுதுகிற பட்டியலில் மும்பைக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பம்பாய் நகரம் பொது நேரத்தை ஏற்காமல் 39 நிமிடம் பின்தங்கிய தன் சொந்த நேரத்தை 1955 வரை ஓட்டியது. கல்கத்தாவும் 1948 வரை தன் நேரத்தை விடவில்லை. ஏசியா/கொல்கத்தாவின் எட்டு வரியில் இரண்டுமே இல்லை. திருவிதாங்கூரும் இல்லை. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்ததும் பட்டியலைப் பொறுத்தவரை நடக்காத விஷயம். மெட்ராஸ் வரி ரயில்வேயின் நேரத்தைச் சொல்கிறது. ஊரில் மணி அடித்தவர், கோயிலில் உச்சிக்கால பூஜை வைத்தவர், சர்க்கார் கச்சேரியில் கையெழுத்துப் போட்டவர் எல்லாரும் அந்த நேரத்தில்தான் வாழ்ந்தார்கள் என்று அது சத்தியம் செய்யவில்லை.

செய்ய வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கடிகாரம் 1970 ஜனவரி 1-இல் பூஜ்யமாகத் தொடங்குகிறது. அதற்குப் பிந்திய வரலாற்றைச் சரியாகத் தருவதுதான் பட்டியலின் பொறுப்பு. அதற்கு முந்தியது கிடைத்தால் எழுதுவோம், உத்தரவாதம் தரமாட்டோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 2022-இல் ஐரோப்பாவில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம் ஆனது. ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் கடிகாரங்கள் 1970-க்குப் பிறகு பெர்லினோடு ஒத்துப்போகின்றன என்று சொல்லி அவற்றைப் பெர்லினோடு இணைத்துவிட்டார்கள். நார்வேயின் போர்க்கால வரலாறு தனியாக ஒரு பின்கட்டுக் கோப்புக்குப் போனது. கேட்டு வாங்கினால் கிடைக்கும், வழக்கமான மூட்டையில் வராது. 'எங்கள் நாட்டு நேரத்துக்கு பெர்லின் சரித்திரமா' என்று அவர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. கொல்கத்தாவின் நிழலில் இருந்து பழகிய நமக்கு அந்தக் கோபம் கொஞ்சம் தாமதமாகப் புரிகிறது.

எட்டு வரி என்று சொன்னேன் இல்லையா, அந்த எட்டும் எப்போதும் இப்படியே இருக்கவில்லை. பட்டியலின் பழைய பதிப்புகளில் 1941 அக்டோபர் வரை கல்கத்தாவின் உள்ளூர் நேரமே, அதாவது 5 மணி 53 நிமிடம் 20 விநாடியே, இருந்தது. அப்புறம்தான் மெட்ராஸ் வரியும் 1906-இன் 5.30 வரியும் சேர்ந்தன. விளைவைப் பாருங்கள்: 1930-இல் செங்கோட்டையில் பிறந்தவரின் நேரத்தைப் பழைய சர்வரில் போட்டால் ஒரு விடை, புதுப்பித்த சர்வரில் போட்டால் 23 நிமிடம் தள்ளி வேறு விடை. நிரல் ஒன்றுதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அடியில் இருந்த பட்டியல் மாறிவிட்டது. நடந்து முடிந்த காலம் மாறாது என்று யாராவது சொன்னால் இந்தக் கோப்பின் பழைய பிரதிகளை அவருக்குக் காட்டலாம்.

1941-42 வரிக்கும் அந்தப் பழைய பதிப்புதான் ஊற்று. கல்கத்தா நகரத்தின் கடிகாரத்தைப் பின்தொடர்ந்த காலத்தில் எழுதிய வரி அது. இப்போது அதுவே நாடு முழுவதுக்குமான பெயரின் கீழ் நிற்கிறது. 1941 டிசம்பரில் தென்காசியில் பிறந்தவருக்குப் பட்டியல் 6.30 என்கிறது. அதை அப்படியே வாங்க நான் தயங்குவேன். நாழிகை எழுதியிருந்தால் ஒத்துப்பார்க்காமல் விடமாட்டேன்.

அந்த 5.53-ஐ இந்தியப் பைத்தான்காரர்கள் பலர் வேறொரு ரூபத்தில் சந்தித்திருப்பார்கள். பைடிஸெட் என்கிற பழைய லைப்ரரியில் ஏசியா/கொல்கத்தாவை வாங்கி, நேரம் உருவாக்கும்போது நேராக அதைத் திணித்தால் 5.30-க்குப் பதில் 5.53 ஒட்டிக்கொள்ளும். தேதியைப் பார்க்காமல் பட்டியலின் முதல் வரியை, கல்கத்தாச் சூரியனின் நேரத்தை, அது எடுத்துக்கொள்வதுதான் காரணம். லைப்ரரி ஆசிரியர் அப்படிச் செய்யாதே என்று விளக்கக் குறிப்பில் எழுதித்தான் வைத்தார், யார் படித்தது? நான் முதன்முதலில் எழுதிய ஒரு கிளினிக் அப்பாயின்ட்மென்ட் நிரலில் டோக்கன் எல்லாம் 23 நிமிடம் தள்ளி நின்றது. இரண்டு நாள் சர்வர் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த நூற்றாண்டில் ஒரு நோயாளி 1853-இன் கல்கத்தா நேரப்படி டாக்டரைப் பார்க்கப் போனார் என்று பிறகு மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அவருக்கு எந்த ஓரை நடந்திருக்கும்?" என்றுதான் கேட்டார்.

இன்னொரு சுவரும் உண்டு. பழைய கணினிகள் 1970-இலிருந்து விநாடிகளை 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டும் நிரப்பும் 32 கட்டங்களில், எண்ணின. பின்னோக்கி எண்ணினால் அது 1901 டிசம்பர் 13-இல் முட்டி நிற்கும். அதற்கு முந்திய வரிகளை எழுதக்கூட இடமிருக்காது. 64 பிட்டுக்குப் போனதும் சுவர் இடிந்தது. முன்னோக்கிய பக்கத்தில் அதே சுவர் 2038 ஜனவரி 19-இல் இருக்கிறது. அந்தப் பாட்டை இன்னொரு நாள் பாடுவோம்.

இந்தப் பட்டியலுக்கும் ஜோசியத்துக்கும் உள்ள உறவு என் மாமாவோடு நிற்கவில்லை. பிறந்த நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றும் தேவை ராணுவத்துக்கோ வங்கிக்கோ வருமுன்பே ஜோசியர்களுக்கு இருந்தது. ஊர் ஊராகப் பழைய நேர மாற்றங்களைச் சேகரித்து அமெரிக்காவில் அவர்கள் அட்லஸ்கள் போட்டார்கள். பட்டியலைத் தொகுத்தவர்கள் 1970-க்கு முந்திய விவரங்களுக்கு அவற்றையும் பார்த்தார்கள். பிழை மலிந்தவை, ஆதாரம் காட்டாதவை என்று குறைபட்டுக்கொண்டே. 2011 செப்டம்பர் 30-இல், அப்படியொரு அட்லஸின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொன்ன ஆஸ்ட்ரோலேப் என்கிற ஜோசிய மென்பொருள் நிறுவனம் ஓல்சன் மேலும் எக்கர்ட் மேலும் பாஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. உலகத்தின் செல்போன்களும் சர்வர்களும் நம்பியிருந்த பட்டியலின் இணைய வாசல் சில நாள் மூடிக் கிடந்தது. எந்த ஊரில் எந்த நாள் கடிகாரம் மாறியது என்பது நடந்த விஷயம், அதற்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது என்பது எதிர்வாதம். 2012 பிப்ரவரியில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்று வருத்தமும் தெரிவித்தது. இதற்கிடையில் 2011 அக்டோபரிலேயே பட்டியல், இணைய எண்களையும் பெயர்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் கூரைக்குள் போய்விட்டது. இரண்டு தனிமனிதர்களின் ஓய்வுநேர உழைப்பில் உலகக் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

எங்கள் வட்டாரத்தில் செங்கோட்டை நேரம் தெரிந்தால் மட்டும் பிழைக்க முடியாது. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூர் இரண்டாம் ஊர். அங்கே கடிகாரம் பட்ட பாடு தனி. 1941 செப்டம்பர் வரை 7.20, பிறகு 7.30. 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் பிடித்ததும் 16-ஆம் தேதியிலிருந்து டோக்கியோ நேரம், 9.00. 1945 செப்டம்பர் 12-இல் மறுபடி 7.30. இன்றைய 8.00 வந்தது 1982 பிறந்தபோதுதான். சிங்கப்பூரில் 1944-இல் பிறந்த ஒருவருக்கு இன்றைய 8.00-ஐ வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் பிசகும்.

மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், குளத்துப்புழை ரப்பர்த் தோட்டங்களில் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் முதியவர்கள் பிறந்தது ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களில். இலங்கை இந்தியாவைப்போல ஒரே தாவாகத் தாவவில்லை. 1942 ஜனவரி 5-இல் அரை மணி, செப்டம்பரில் இன்னொரு அரை மணி. இறங்கியதும் ஒரு நாள் தள்ளி, 1945 அக்டோபர் 16-இல். 'அங்கேயும் 5.30 தானே' என்று நினைத்தால் 1942 ஆகஸ்ட் வரை பிறந்தவருக்கு அரை மணி தவறும், செப்டம்பருக்குப் பிறகு பிறந்தவருக்கு ஒரு மணி. 1996 மே 25-இல் மின்சாரப் பற்றாக்குறையில் இலங்கை 6.30-க்குப் போய், அதே அக்டோபரில் 6.00-க்கு இறங்கி, 2006 ஏப்ரல் 15-இல்தான் 5.30-க்குத் திரும்பியது. அந்தப் பத்து வருஷமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய 5.30-ஐயே வைத்துக்கொண்டன. வன்னியில் 2003-இல் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பட்டியல் ஏசியா/கொழும்பு, 6.00 என்று பதில் தரும். அம்மா பார்த்த சுவர்க் கடிகாரத்தில் அரை மணி குறைவு. யார் ஆட்சியின் கடிகாரம் என்று கேட்க மென்பொருளில் பெட்டி இல்லை.

நிரல் எழுதுகிறவர்களிடம் எல்லா நேரத்தையும் உலகப் பொதுநேரமாக மாற்றி வைத்துவிடு, தொல்லையில்லை என்றொரு வேதவாக்கு உண்டு. இன்று நடக்கும் பணப் பரிமாற்றத்துக்கு அது சரி. பழைய பிறப்பு நேரத்துக்கு அது கேடு என்பேன். மாற்றும் கணத்தில் இருந்த பட்டியலின் பதிப்பு அந்த எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. நாளைக்குப் பட்டியல் திருந்தினால், சீட்டில் முதலில் என்ன எழுதியிருந்தது என்று மீட்க வழியில்லை. 10.10 என்று எழுதியிருந்தால் 10.10 என்றே இருக்கட்டும். பக்கத்தில் ஊர், எந்த மணி என்கிற குறிப்பு, எந்தப் பதிப்புப் பட்டியலால் கணக்குப் போட்டோம் என்பது. மாற்றிய எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்.

பழைய நோட்டு எழுதியவர்களுக்கு இந்த அவஸ்தையே இல்லை. உதயாதி நாழிகை என்பது அந்த ஊரில் அன்றைக்குச் சூரியன் எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் என்பது. சர்க்கார் கடிகாரத்தை எப்படித் திருகினாலும் சூரியன் அசையாது. நேர மண்டலம் தேவையில்லை, பட்டியல் தேவையில்லை. குறை வேறு இடத்தில்: உதயத்தைக் கண்ணால் பார்த்துக் குறித்தார்களா, மலைமறைவில் அனுமானித்தார்களா, பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தார்களா என்பது அவரவர் நேர்மை.

இதை எல்லாம் கேட்டுவிட்டு மாமா ஒரு சவால் வைத்தார். 1945 அக்டோபர் 14, இரவு 11.40, செங்கோட்டை.

பட்டியல்படி அன்று இரவு 12 அடிக்க வேண்டிய நொடியில் கடிகாரம் 11-க்குத் திரும்பியது. ஆக 11.40 என்பது அன்று இரண்டு முறை வந்தது. 1942 செப்டம்பர் 1-இல் இதற்கு நேர்மாறு. நள்ளிரவு 12-இலிருந்து நேரே 1-க்குத் தாவியதால் 12.20 என்று ஒரு நேரமே அன்று இல்லை. இரண்டு முறை வரும் நேரத்தைக் கொடுத்தால் ஜாவாவின் புதிய நேர லைப்ரரி கேட்காமலே முந்தியதை எடுத்துக்கொள்ளும். பைத்தானில் 3.6 பதிப்பிலிருந்து 'மடிப்பு' என்று ஒரு குறி இருக்கிறது. 0 என்றால் முதல் 11.40, 1 என்றால் இரண்டாவது. எதுவும் சொல்லாவிட்டால் அதுவும் முதலாவதையே எடுக்கும். இரண்டு மொழியுமே இந்த இடத்தில் உன்னை எச்சரிக்காது.

"நாழிகை எழுதியிருக்கா மாமா?" என்றேன். 41¼ என்றிருந்தால் முதல் 11.40. 43¾ என்றிருந்தால் இரண்டாவது.

மாமா நோட்டை எடுத்துக் காட்டினார். சவாலுக்காகச் சொன்னதில்லை, உள்ளூர்க்காரர் ஒருவருடையதே. தேதியும் ஆங்கில மணியும் ஒரு பக்கம் இருந்தன. நாழிகை இருந்திருக்க வேண்டிய பக்கத்தைச் செல் அரித்திருந்தது. இரண்டு நேரத்துக்கும் போட்டுப் பார்த்தோம். லக்னம் இரண்டிலும் மிதுனம்தான், ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சம் மாறியது. மாமா இரண்டையும் அச்சடித்து, ஒன்றின் தலையில் 'யுத்த மணி' என்றும் மற்றதில் 'மணி திரும்பிய பின்' என்றும் பேனாவால் எழுதி, ஒரே உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.